பத்தடி உயரத்தில் ஆஷிகா

பள்ளிக்கூடம் விட்டு வந்த கோகிலவாணி, இண்டூர் பேருந்து நிறுத்தத்தில் அப்படியே நின்றுவிட்டாள்.

எதிரே இரண்டு சவுக்குக் கம்புகளுக்கு நடுவில் ஒரு புது பிளெக்ஸ் பேனர் கட்டியிருந்தார்கள். பத்தடி உயரம் இருக்கும். அதில் முக்கால்வாசி இடத்தை ஒரே ஒரு முகம் பிடித்துக்கொண்டிருந்தது. அவளுடைய தோழி ஆஷிகாவின் முகம். கன்னமெல்லாம் கரி. மூக்கு ஒழுகியிருந்தது. வாயைக் கோணிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

அந்த முகத்துக்கு மேலே, 'ஏழைச் சிறுமியின் கண்ணீரைத் துடைக்க வாரீர். மாபெரும் நடன விழா. சனிக்கிழமை மாலை ஐந்து மணி' என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. கீழே இளைஞர் மன்றத்து அண்ணன்கள் பதினோரு பேர் வரிசையாக நின்றார்கள். எல்லோரும் கறுப்புக் கண்ணாடி போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கோகிலாவின் காதுகள் சூடாகிவிட்டன. அவளுக்குக் கோபம் வந்தால் முதலில் காதுக்குத்தான் தெரியும்.

பேனருக்கு அடியில் அவள் பள்ளிப் பையன்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவன் ஆஷிகாவைப் போலவே வாயைக் கோணிக்கொண்டு அழுது காட்டினான். இன்னொருவன் கையிலிருந்த காலி சாப்பாட்டு டப்பாவை நீட்டி, "அம்மா, தாயே" என்று இழுத்தான். கோகிலா புத்தகப் பையைச் சுழற்றிக்கொண்டு அவர்களைத் தபால் நிலையம் வரைக்கும் விரட்டினாள். அடி ஒன்றும் விழவில்லை. ஆனால் அவர்கள் அன்றைக்கு ஓடிய ஓட்டத்தை விளையாட்டு விழாவில்கூட யாரும் பார்த்ததில்லை.

மூன்று வாரங்களுக்கு முன்பு அதே இடத்தில்தான் தீப்பிடித்தது. நிறுத்தத்தை ஒட்டி மூன்று கடைகள் வரிசையாக இருந்தன. ஆஷிகாவின் அப்பா சர்தாரின் தையல் கடை, மாதுவின் சைக்கிள் கடை, கண்ணம்மாளின் போண்டா கடை. ஒரு நாள் மத்தியானம் மின்கம்பி உரசித் தீப்பொறி விழுந்தது. அரைமணி நேரத்தில் மூன்றும் எரிந்து முடிந்துவிட்டன. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சர்தாரின் மூன்று தையல் மிஷின்களும், தைத்து மடித்து வைத்திருந்த துணிகளும் கருகிப் போயின. ஆஷிகா ஓடி வந்து பார்த்து அழுதபோது, யாரோ கைபேசியில் அதைப் படம் எடுத்திருக்கிறார்கள்.

நடன விழா நடத்தலாம் என்று யோசித்தது கோகிலாதான். கோகிலாவும் ஆஷிகாவும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. இப்போது ஏழாம் வகுப்பு. போன வருட ஆண்டு விழாவில் வகுப்பு முழுவதற்கும் நடனம் சொல்லிக்கொடுத்தது ஆஷிகாதான். அதனால் இந்த முறை அவளுக்காக மற்றவர்கள் ஆடுவோம், ஊரே கூடி ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தால் மிஷின் வாங்கிவிடலாம் என்று கோகிலா கணக்குப் போட்டாள். ஆஷிகாவிடம் மட்டும் சொல்லக்கூடாது, கடைசி நாளில் சொல்லி அசத்த வேண்டும் என்றும் முடிவு செய்தாள். எட்டுப் பெண்கள் சேர்ந்தார்கள். தினமும் சாயங்காலம் கோயில் திடலில் ஒளிந்து ஒளிந்து பழகினார்கள்.

மேடைக்கும் மைக் செட்டுக்கும் பெரியவர்கள் யாராவது வேண்டுமே. இளைஞர் மன்றத் தலைவர் மாதவராஜிடம் கேட்டார்கள். எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் சொன்னார். அவர் பார்த்துக்கொண்டதுதான் இந்தப் பேனர்.

மாதவராஜ் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். கோகிலா மூச்சு வாங்கிக்கொண்டு போய் நின்றதும், அவர் பேனர் எப்படி இருக்கிறது என்று ஆசையாகக் கேட்டார். தர்மபுரிக்குப் போய், பக்கத்திலேயே நின்று அடித்து வாங்கி வந்தாராம்.

"எதுக்குண்ணா அந்தப் படம்? ஆஷிகா சிரிக்கிற படம் எங்கிட்டயே இருக்குதே."

மாதவராஜ் பொறுமையாக விளக்கினார். "சிரிக்கிற படத்தப் போட்டா யாரு காசு குடுப்பாங்க? அழுவுறதப் பாத்தாத்தான் ஜனங்களுக்கு மனசு எளகும். உனக்குத் தெரியாது, நீ சின்னப் புள்ள."

"அப்ப நீங்க மட்டும் ஏன் சிரிக்கிறீங்க?"

மாதவராஜ், அது டிசைன் என்று முனகினார். பிறகு சனிக்கிழமை நடக்கப்போவதைச் சொன்னார். அரிசி ஆலை முதலாளி தீர்த்தகிரி தலைமை தாங்க வருகிறார். சேர்ந்த பணத்தை அவர் மேடையில் ஆஷிகாவின் கையில் கொடுப்பார். ஆஷிகா எதுவும் பேச வேண்டாம், சும்மா நின்றால் போதும். கண் கலங்கினால் இன்னும் நல்லது.

கோகிலாவுக்கு வந்த கோபத்தில் மேசை மேலிருந்த காகிதக் கட்டைத் தள்ளிவிடலாமா என்றிருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பேனரைக் கழற்றியே ஆக வேண்டும் என்று மூன்று தடவை சொன்னாள். "பாக்கலாம், பாக்கலாம், வூட்டுக்குப் போ" என்று மாதவராஜ் அனுப்பிவைத்தார்.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேராக ஆஷிகாவின் வீட்டுக்குப் போனாள்.

கதவு பாதிதான் திறந்தது. அந்தப் பாதியில் ஆஷிகா நின்றாள். அவள் கண்கள் சிவந்திருந்தன. பேனரை அவளும் பார்த்துவிட்டாள் என்று தெரிந்தது. கோகிலா படபடவென்று எல்லாவற்றையும் கொட்டினாள். விழா நடத்த நினைத்தது, ரகசியமாகப் பழகியது, மாதவராஜ் செய்த வேலை, அவரிடம் தான் போட்ட சண்டை. கடைசியாக, "உங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம அவரு எப்படி உன் படத்தப் போடலாம்?" என்று முடித்தாள்.

ஆஷிகா சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

"நீ கேட்டியா?"

"என்னது?"

"எனக்காக டான்ஸ் ஆடி ஊர்ல காசு வாங்கப் போறோம்னு நீ எங்கிட்ட கேட்டியா கோகிலா?"

கதவு சாத்திக்கொண்டது.

கோகிலா வீட்டுக்கு வந்து பையை மூலையில் வீசினாள். அம்மா சுட்டுவைத்த தோசை மூன்றில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. இப்போது அவளுக்கு ஆஷிகா மேல்தான் கோபம். பதினைந்து நாள் ஆடி ஆடி முட்டி வலிக்கிறது. அந்தப் பையன்களை விரட்டியிருக்கிறாள். ஊருக்கே தலைவர் மாதிரி இருக்கிற மாதவராஜ் அண்ணனிடம் சண்டை போட்டிருக்கிறாள். எல்லாம் யாருக்காக? அவளுக்காக. அவளோ முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்துகிறாள்.

அம்மாவிடம் சொன்னாள். அப்பாவிடம் சொன்னாள். கன்றுக்குட்டியிடம்கூடச் சொன்னாள். சொல்லச் சொல்லக் கோபம் ஏறியது. ஆனால் 'நீ கேட்டியா' என்று ஆஷிகா கேட்ட இடம் வரும்போது மட்டும் ஒவ்வொரு தடவையும் அவளுக்கு நாக்கு தடுக்கியது. அந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் பார்த்தாள். நான்காவது தடவை தாண்ட முடியவில்லை.

கேட்கவில்லைதான். அசத்த வேண்டும் என்று ஒளித்தாள். ஆஷிகாவுக்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது என்று இந்த ஊரிலேயே நன்றாகத் தெரிந்தவள் அவள்தான். அவளே கேட்கவில்லை. மாதவராஜ் அண்ணன் எப்படிக் கேட்பார்?

இப்போது கோபப்பட வேறு ஆள் கிடைக்கவில்லை. தன் மேலேயே கோபப்பட்டுக்கொண்டு தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை ஆஷிகா பள்ளிக்கு வரவில்லை. சாயங்காலம் கோகிலா மறுபடியும் அந்தக் கதவின் முன்னால் போய் நின்றாள். ஆஷிகாவின் அம்மா வஹிதா உள்ளே கூப்பிட்டார். சர்தார் தரையில் உட்கார்ந்து, பக்கத்து ஊரில் இரவல் வாங்கிய பழைய மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். ஆஷிகா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

கோகிலா அவள் முதுகிடம் பேசினாள். "நான் கேக்கல. தப்புதான். இப்பக் கேக்குறேன். விழா வேணுமா, வேணாமா? வேணாம்னா இப்பவே போய் நிறுத்திடறேன்."

சர்தார்தான் முதலில் பேசினார். ஊரார் உதவி செய்வதில் தனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்றார். மாதுவுக்கும் கண்ணம்மாளுக்கும்கூட அது தேவைதான் என்றார். பிறகு எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார். "எம்பொண்ணு அழுததை நான் பாத்தது போதும்மா. பஸ்ல போறவங்க வர்றவங்க எல்லாமா பாக்கணும்?"

அதைக் கேட்டதும் ஆஷிகா திரும்பினாள். விழா வேண்டும் என்றாள். ஆனால் மூன்று கடைக்கும் சேர்த்து நடக்க வேண்டும். அந்தப் படம் எங்கேயும் இருக்கக்கூடாது. ஏழைச் சிறுமி என்று மேடையில் நிற்க மாட்டாள்.

"அப்புறம் இன்னொண்ணு" என்றாள். அவள் முகத்தில் இருந்ததிலேயே பெரிய கோபம் அப்போதுதான் வெளியே வந்தது. "நீங்க திடல்ல ஆடுறத நான் மதில் சந்துல பாத்துட்டேன். கேவலமா இருக்குது. எனக்காக ஆடுறீங்களாம், எனக்கே தலைவலி வந்துடுச்சு. என்னை விட்டுட்டு எப்படிடி ஆடுவீங்க?"

கோகிலாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நாளைக்கு நீயே வந்து ஆடு என்றாள். படம் இல்லாவிட்டால் வருகிறேன் என்று ஆஷிகா சொன்னாள். கோகிலா அங்கிருந்து ஜெராக்ஸ் கடைக்கு ஓடினாள். நிறுத்தத்திலிருந்து பேனரைக் கட்டாயம் எடுத்துவிடுவதாக மாதவராஜும் வாக்குக் கொடுத்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் கோகிலா வந்து பார்த்தபோது, பேருந்து நிறுத்தத்தில் வெறும் கம்புகள்தான் இருந்தன. அவளுக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. துள்ளிக்கொண்டு கோயில் திடலுக்குப் போனாள்.

அங்கே மேடைக்குப் பின்னால் அதே பேனர் நின்றது. சுற்றிலும் சீரியல் பல்புகள் வேறு கட்டியிருந்தார்கள். பச்சையும் சிவப்புமாக அவை எரிந்து எரிந்து அணைந்தன. ஒவ்வொரு முறை எரியும்போதும் ஆஷிகா அழுதாள்.

மாதவராஜ் ஒலிபெருக்கிப் பெட்டி மேல் ஏறி நின்று வயரைச் சரிசெய்துகொண்டிருந்தார். நிறுத்தத்திலிருந்து எடுத்துவிட்டேனே, அதைத்தானே கேட்டாய் என்றார். பின்திரை இல்லாமல் மேடை மொட்டையாக இருக்கும் என்றார்.

கோகிலாவின் காதுகள் மறுபடியும் சூடாகிவிட்டன. அவள் அவ்வளவு கோபமாக இருந்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆஷிகா வந்துவிடுவாள். வந்ததும் இதைப் பார்ப்பாள். கோகிலா இரண்டாவது தடவையும் ஏமாற்றிவிட்டாள் என்று நினைப்பாள். பேனரைக் கிழிக்கலாம் என்றால் அவள் உயரத்துக்கு எட்டியது அந்த அண்ணன்களின் கறுப்புக் கண்ணாடிகள்தான். விழாவை விட்டுப் போய்விடலாம் என்றால் மூன்று கடைகளுக்கும் ஒன்றும் கிடைக்காது.

மேடைக்குப் பின்னால் மற்றப் பெண்கள் ஜிகினாப் பாவாடையுடன் காத்திருந்தார்கள். கோகிலா அவர்களை வட்டமாக நிற்கவைத்துத் தன் யோசனையைச் சொன்னாள். காவியாவுக்குப் பயம். அவள் அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். காவியாவின் தங்கை அமுதவல்லிக்கு ஆறு வயது. அவளுக்கு முழுதாகப் புரியவில்லை. இருந்தாலும் முதலில் தலையாட்டியவள் அவள்தான். பிறகு எல்லோரும் தலையாட்டினார்கள்.

திடல் நிறைந்துவிட்டது. தீர்த்தகிரி முன்வரிசை நாற்காலியில் மாலையோடு உட்கார்ந்திருந்தார். மாதவராஜ் மைக்கில் வரவேற்றுப் பேசி முடித்ததும் எட்டுப் பெண்களும் மேடையேறினார்கள். கைதட்டல் கிளம்பியது. பாட்டு ஆரம்பித்தது.

எட்டுப் பேரும் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். கையைக் கட்டிக்கொண்டார்கள்.

இது ஏதோ புது மாதிரி ஆட்டம் போலிருக்கிறது என்று கூட்டம் நினைத்தது. சிலர் விசிலடித்தார்கள். இப்போது எழுந்திருப்பார்கள், இப்போது எழுந்திருப்பார்கள் என்று பார்த்தார்கள். பாட்டு பாதி ஓடிவிட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. அமுதவல்லியின் தோள்கள் மட்டும் தாளத்துக்குத் தானாகக் குலுங்கின. காவியா அவள் தோளைப் பிடித்து அமுக்கினாள். உடனே அவள் கால்விரல்கள் ஆட ஆரம்பித்தன.

மாதவராஜ் பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு மேடையோரம் வந்தார். என்ன நடக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். கோகிலா எழுந்து போய் அவர் கையிலிருந்த மைக்கை வாங்கினாள். அவ்வளவு கூட்டத்தைப் பார்த்ததும் சொல்ல வந்தது மறந்துபோனது. அந்த நேரம் பார்த்து, திடலின் கடைசியில் சர்தாரும் வஹிதாவும் வந்து நிற்பது தெரிந்தது. அவர்களுக்கு நடுவில் ஆஷிகா. அவள் பேனரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோகிலாவுக்கு எல்லாம் திரும்ப ஞாபகம் வந்துவிட்டது.

"இந்தப் படத்த இறக்கினாத்தான் நாங்க ஆடுவோம்" என்றாள். "இதப் போடலாமான்னு ஆஷிகாகிட்ட யாரும் கேக்கல. நீங்க வூட்ல அழுவறப்ப யாராவது படம் எடுத்து, இத்தன பெருசா பஸ் ஸ்டாப்புல கட்டுனா உங்களுக்குக் கோவம் வராதா? எனக்கு வருது. மூணு நாளா வருது. முதல்ல நானே அவகிட்டக் கேக்கல. அதுக்கும் எனக்குக் கோவம் வருது."

மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழையபடி உட்கார்ந்துகொண்டாள்.

எல்லோரும் தலை நிமிர்த்திப் பேனரைப் பார்த்தார்கள். பிறகு நடுவிலிருந்து கண்ணம்மாள் எழுந்தார். போண்டா கடையில் நின்று கூவிக் கூவி வளர்ந்த குரல் அது. மைக் தேவையில்லை.

"எங்கடையுந்தான் எரிஞ்சுது. மாது கடையுந்தான் எரிஞ்சுது. எங்க படமெல்லாம் எங்க தம்பி? நாங்க அழுதா நல்லா இருக்காதா?"

திடலே சிரித்தது. சிரித்து முடித்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதல் வரிசையில் இருந்த காவியாவின் அம்மா, படத்தைக் கழற்றுங்க என்றார். அவருக்குப் பின்னால் இருந்தவர்களும் சொன்னார்கள். தீர்த்தகிரி கழுத்து மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மாதவராஜைப் பார்த்தார்.

மாதவராஜின் முகம் செத்துவிட்டது. அவர் கூட்டத்தின் கடைசியில் நின்ற சர்தாரைப் பார்த்தார். அவர் போட்டிருந்த சட்டைகூட சர்தார் தைத்ததுதான். போய் ஏணியைக் கொண்டுவந்து சாய்த்தார்.

பேனரை அவர் நன்றாகவே கட்டியிருந்தார். ஒவ்வொரு முடிச்சையும் பல்லால் கடித்து அவிழ்க்க வேண்டியிருந்தது. ஊரே காத்திருந்தது. ஒரு பக்கம் அவிழ்ந்ததும் பேனர் மடங்கிச் சரிந்தது. அது முழுவதும் கீழே வந்ததும், மாது ஓடி வந்து உதவிசெய்ய, எழுத்து உள்ளே போகும்படி அதைச் சுருட்டி ஓரமாகப் போட்டார்கள். பின்திரை இல்லாத மேடைக்குப் பின்னால் கோயில் வேப்பமரம் தெரிந்தது. மொட்டையாக ஒன்றும் இல்லை.

ஏணியிலிருந்து இறங்கிய மாதவராஜ் மைக்கில் இரண்டே வரி சொன்னார். இது எரிந்துபோன மூன்று கடைகளுக்காக நடக்கிற விழா. ஆஷிகாவிடம் கேட்காமல் செய்தது தன் தப்பு. அவர் அதைச் சொன்ன பிறகும் கோகிலாவுக்குக் கோபம் தீரவில்லை. ஆனால் கட்டியிருந்த கையை அவிழ்த்துக்கொண்டாள்.

ஆஷிகா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்து வந்தாள். அவளிடம் ஜிகினாப் பாவாடை இல்லை. வீட்டில் போட்டிருந்த மஞ்சள் சுடிதாரோடு மேடையேறினாள். தீர்த்தகிரியையும் பார்க்கவில்லை, மாதவராஜையும் பார்க்கவில்லை. காவியாவைத் தோளைப் பிடித்து இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் நகர்த்தினாள். உயரமானவர்களைப் பின்னால் அனுப்பினாள். அமுதவல்லியைத் தூக்கி நட்டநடுவில் வைத்தாள். கோகிலாவைத் தன் பக்கத்தில் நிற்கவைத்தாள். பிறகு பாட்டுப் போடுகிறவரைப் பார்த்துத் தலையசைத்தாள்.

அதன் பிறகு நடந்ததை இண்டூரில் ரொம்ப நாள் பேசினார்கள். ஆஷிகா கோபத்தோடுதான் ஆடினாள். தரையை உதைத்த உதையில் மேடைப் பலகை அதிர்ந்தது. அவளைப் பார்த்து மற்ற எட்டுப் பேரும் அப்படியே உதைத்தார்கள். இரண்டாவது பாட்டில் கூட்டமும் எழுந்துவிட்டது. கண்ணம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஆடினார். மாது சைக்கிள் மணி ஒன்றைக் கையில் வைத்து அடித்துக்கொண்டே ஆடினார். ஆடியவர்களே சுற்றி வந்து, மேடையோரம் வைத்திருந்த பெட்டியில் பணம் போட்டார்கள். பெட்டி போதாமல், தீர்த்தகிரிக்குப் போர்த்த வாங்கிவைத்திருந்த பொன்னாடையை விரித்தார்கள். அவரே அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.

விழா முடிந்து கோகிலாவும் ஆஷிகாவும் தெரு வழியாக நடந்தார்கள். சர்தாரும் வஹிதாவும் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் கால் வலித்தது.

"இன்னும் எம்மேல கோவமா?" என்று கோகிலா கேட்டாள்.

ஆஷிகா யோசித்துப் பார்த்தாள். "கொஞ்சம்."

"நாளைக்கு?"

"நாளைக்கும் கொஞ்சம் இருக்கும்னு நெனைக்கிறேன். திங்கக்கிழமை சரியாயிடும்."

கோகிலா சரி என்றாள்.

திங்கட்கிழமை காலை அவள் வகுப்புக்குள் நுழைந்தபோது, பெஞ்சில் யாரும் உட்கார்ந்துவிடாதபடி ஆஷிகா தன் பையை வைத்து இடம் பிடித்திருந்தாள்.